கோயிலில் கொளுத்திய பாச்சை உருண்டை

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் ஒரு பாச்சை உருண்டையைச் சூடம் என்று சொல்லிக் கோயிலில் கொளுத்தினேன். அதன்மேல் ஒருவர் பொய்ச் சத்தியம் செய்ய வழி செய்தேன். அப்போது நான் சிரம்பான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். அதற்குக் கூலியாக இரண்டு தங்கப் பவுன் வாங்கிக்கொண்டேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

இதைச் சொல்ல வைத்தவள் என் தம்பியின் பேத்தி. சட்டம் படிக்கப் போகிறாள். போன வாரம் மூன்று கல்லூரிகளின் விவரங்களை என் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

“தாத்தா, இது கிட்ட இருக்கு, ஃபீசும் கம்மி. ஆனா பெரிய ஆபீசுல சேத்துக்க மாட்டாங்களாம். லண்டன்னா அப்பா வீட்ட அடமானம் வைக்கணும். நீங்க ஆயுசு பூரா வக்கீல் ஆபீசுல இருந்தவரு, சொல்லுங்களேன். ஆமா, நீங்க ஏன் வக்கீலுக்குப் படிக்கல?”

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். கிட்ட இருப்பதில் சேர். வேலையை உன் கை தேடிக்கொள்ளும் என்றேன். இரண்டாவது கேள்விக்கு எல்லாரிடமும் சொல்லும் பதிலையே சொன்னேன்: “சண்டை வந்துடுச்சிம்மா.” அவள் போன பிறகு அந்தப் பதில் என்னை உறுத்தியது. அதில் பாதிதான் உண்மை.

என் அப்பா கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் என்னைப் படிக்க வைத்தார். நான் வக்கீலாக வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேதமில்லை. எங்கே படிப்பது என்பதில்தான் சண்டை. மெட்ராஸ் என்றால் செலவு குறைவு, தங்குவதற்கு அத்தை வீடு உண்டு. ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே கோர்ட்டில் நிற்க முடியாது என்று கேள்விப்பட்டிருந்தோம். லண்டன் போனவனுக்குத்தான் இங்கே கறுப்பு அங்கி. “மெட்ராஸ்ல படிச்சா பசியில்லாம படிக்கலாம். லண்டன்ல படிச்சா படிச்சப்புறம் பசி இருக்காது. எது தேவல?” என்பார் அப்பா. இதை முடிவு கட்டும் முன் கப்பல் நின்றுவிட்டது. ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

கோர்ட்டைச் சில மாதம் பூட்டி வைத்துப் பிறகு திறந்தார்கள். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் மலாயும் தெரியும். ஜப்பானிய மொழியில் வணங்கவும் மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்டேன். வேலை கிடைத்தது. சம்பளமாகத் தந்த, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு எதற்கும் பயன்படாது. கூடவே தந்த அரிசிதான் சம்பளம்.

மாஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்த ஆபீசில் இருந்தவர். மெலிந்த ஆள், குரலை உயர்த்தமாட்டார். மொழிபெயர்ப்பாளன் வேலையில் சேரும்போது ஒரு முறை சத்தியம் செய்தால் போதும் என்பது வழக்கம். அவர் மட்டும் தினமும் காலையில் என்னை நிற்க வைத்து, “கேட்டதைக் கேட்டபடி சொல்வேன்” என்று சொல்லச் சொல்வார். ஒரு நாள் நான் சலித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, “நேற்றுக் குளித்தாய் என்று இன்று குளிக்காமல் வருவாயா?” என்று கேட்டார். சாட்சி அழுதால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அழுகை முடிந்த பிறகுதான் எடுப்பார். அதற்குள் ஜப்பான் அதிகாரி எட்டிப் பார்த்தால், எழுந்து வளைந்து வணங்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்து காத்திருப்பார்.

அவரிடம்தான் அஞ்சலையின் வழக்கு வந்தது.

அஞ்சலை எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவள். அவள் புருஷன் கண்ணுசாமியைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிடித்த அன்று அவள் ஊரில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்காக சுவா என்ற ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது புருஷனும் இல்லை, கொட்டிலில் மாடும் இல்லை. கறவை மாடு. அவள் அம்மா வீட்டுச் சீராக வந்தது. அது, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கோவிந்தன் வீட்டில் நின்றது. பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் தன் புருஷன் விட்டுப்போயிருப்பான் என்றாள் அஞ்சலை. லாரி ஏறும் முன் தனக்கு விற்றுவிட்டான் என்றார் மண்டோர். எழுத்தும் இல்லை, பார்த்தவரும் இல்லை.

மாஜிஸ்திரேட் இரு தரப்பையும் மாறி மாறிக் கேட்டார். கடைசியில் அஞ்சலைதான் வழி சொன்னாள்.

“எஜமான், அவரு மாரியாத்தா சந்நிதியில சூடத்த அணைச்சி, எம் புருசன் மாட்ட வித்தான்னு சொல்லட்டும். சொல்லிட்டாருன்னா மாடு அவரோடது. அப்புறம் நான் வாயே தொறக்கமாட்டேன்.”

அப்படி ஒரு முறை சட்டத்திலேயே இருந்தது. ஒரு தரப்பு கேட்டு மறு தரப்பு ஒப்புக்கொண்டால், கோயிலில் செய்யும் சத்தியத்தோடு வழக்கு முடியும். மறுக்க வழியில்லாமல் மண்டோரும் ஒப்புக்கொண்டார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மாஜிஸ்திரேட்டே வகுத்துக் கொடுப்பார். சத்தியம் செய்கிறவர் குளித்து ஈர வேட்டியோடு நிற்க வேண்டும். கோர்ட்டு ஆள் ஒருவர் கூடப் போய்க் கண்ணால் பார்த்து வந்து சொல்ல வேண்டும். கோயில் பூசாரி சயாமுக்குப் போய்விட்டதால் சூடத்தை ஏற்றுவதும் என் பொறுப்பாயிற்று.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். “கற்பூரம் கிடைக்கிறதா இப்போது?”

“தேடிக் கொண்டு வருகிறேன், துவான்” என்று மலாயில் மரியாதையாகச் சொன்னேன். அதுவரை என் மனத்தில் கள்ளமில்லை.

அன்று பிற்பகல் ரந்தாவ் ரோட்டில் மண்டோர் என் சைக்கிளை நிறுத்தினார். வாட்டசாட்டமான ஆள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் குரல் கேட்டால் காக்கை பறக்கும். அன்று அவருக்குக் குரலே வரவில்லை.

“தம்பி, அந்த மாட்டுப் பாலு ஜப்பான் தொரைக்குப் போவுது. பாலு போற வரைக்கும் எம் மவன சயாமுக்குக் கேக்கமாட்டான். மாடு போச்சின்னா மவன் போனான்.”

“அத கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே, மாமா.”

“எத? மாடு என்னுது இல்லன்னா? நல்லா சொன்னீங்க போங்க.” சுற்றும் முற்றும் பார்த்தார். “பொய் சொல்றதுக்கு நான் பயப்படல தம்பி. சூடத்த அணைச்சி சொன்னா குடும்பம் வெளங்காது. சூடம் ஒங்க கையிலதான இருக்கு? அது சூடமா இல்லாம இருந்துட்டா?”

என் கையில் ஒரு ரப்பர்க் கட்டியைத் திணித்தார். மரத்தடியில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலை உருட்டியது. பிதுக்கிப் பார்த்தால் உள்ளே பவுன் இரண்டு.

“ஒங்க அப்பா சொல்வாரு. சீமைக்குப் போயி படிக்கணும்னு ஆசையாமே. சண்ட முடியட்டும். இது ஆரம்பத்துக்கு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்லா.”

அவர் மகனைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பவுன் இல்லாமல் அவர் வெறும் கண்ணீரோடு வந்திருந்தால் செய்திருப்பேனா? மாட்டேன். மெட்ராஸா லண்டனா என்ற சண்டை அந்த ரோட்டிலேயே முடிந்துவிட்டது. அதோடு படித்தவன் என்ற திமிரும் இருந்தது. சூடமாவது சத்தியமாவது, ஒரு மாடு இந்தக் கொட்டிலில் நின்றால் என்ன, அந்தக் கொட்டிலில் நின்றால் என்ன என்று நினைத்தேன்.

கோர்ட்டின் பழைய வழக்குக் கட்டுகளைப் பூச்சி அரிக்காமலிருக்க வெள்ளைக்காரன் வாங்கிப் போட்ட பாச்சை உருண்டைகள் அலமாரியில் இன்னும் மிச்சமிருந்தன. ஒன்றை எடுத்துப் பொடித்து, வில்லையாக அழுத்தி, நடுவில் எண்ணெயில் நனைத்த நூலை வைத்துக்கொண்டேன்.

சத்தியத்தன்று தோட்டமே கோயில் முன் கூடிவிட்டது. பாதிப் பேர் கோணிச் சாக்குதான் உடுத்தியிருந்தார்கள். தட்டில் வில்லையை வைத்துக் கொளுத்தினேன். மஞ்சளாக எரிந்து கறுகறுவென்று புகைந்தது.

“என்னா தம்பி, வாசன ஒரு மாதிரியா இருக்கு?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“ஜப்பான் சூடம்” என்றேன்.

கூட்டம் சிரித்தது. “சோப்புல நொர இல்ல, தீக்குச்சில நெருப்பு இல்ல, சூடத்துல மட்டும் வாசன கேக்குதாக்கும் இவனுக்கு!” என்றான் ஒருவன்.

மண்டோர் ஈர வேட்டியோடு வந்தார். வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னார். உள்ளங்கையால் நெருப்பை அணைத்தார். தயங்கவில்லை. ஏன் தயங்குவார்?

அஞ்சலை அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. கூட்டம் கலையும்போது என் பக்கத்தில் வந்து, யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னாள்: “அப்ப அந்த மனுசன் என்கிட்ட சொல்லாமத்தான் வித்திருக்காரு. எங்கம்மா குடுத்த மாட்ட.”

அது என் காதில் விழுந்தது. ஆனால் புத்தியில் ஏறவில்லை. மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன் எழுந்து நின்று, கேட்டதைக் கேட்டபடி சொல்வேன் என்று சத்தியம் செய்தேன். பிறகு, சத்தியம் முறைப்படி நடந்தது என்று சொன்னேன்.

ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். கண்ணுசாமி வந்தார், பூசாரி வரவில்லை. கண்ணுசாமிக்கு ஒரு காலில் புண் எலும்பு தெரியுமளவு அரித்திருந்தது. நான் அப்போதும் கோர்ட்டில்தான் இருந்தேன். மாஜிஸ்திரேட்டும் அதே நாற்காலியில் இருந்தார். கப்பல் எப்போது ஓடும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பவுன் இரண்டும் ரப்பர்க் கட்டிக்குள்ளேயே இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கண்ணுசாமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அஞ்சலை வந்தாள், கஞ்சிக் குவளையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து காலுக்கு மருந்து கட்டினாள். அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

கண்ணுசாமி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க கோர்ட்டுல இருந்தீங்கல்ல. நான் மாட்ட வித்துட்டேன்னு சொன்னாங்களாமே?”

“ஆமாண்ணே.”

“மண்டோரு சூடத்தையே அணைச்சாராமே?”

தலையாட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவகிட்ட இல்லன்னு சொல்லிப் பாத்தேன். ‘சூடம் பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா’ன்னு ஒரு தடவ கேட்டா. அதோட பேச்சே இல்ல. இப்ப எனக்கே சந்தேகமாயிருக்கு தம்பி. அங்க காய்ச்சல்ல கெடந்ததுல நெறைய மறந்து போச்சி. எங்கப்பா மொகமே சரியா வரமாட்டேங்குது. ஒருவேள வித்துத்தான் இருப்பேனோ?”

ஒரு மாட்டை இடம் மாற்றியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். என்ன எடுத்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. சயாம் எடுத்துக்கொண்டு மிச்சம் வைத்த மனிதனிடமிருந்து அவருடைய ஞாபகத்தையும், அவர் பெண்டாட்டியையும் நான் எடுத்திருந்தேன்.

“நீங்க விக்கலண்ணே” என்றேன். “அது சூடமே இல்ல.”

அஞ்சலை கதவருகில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டை, நூல், பவுன், லண்டன், எதையும் விடவில்லை. கண்ணுசாமி வாயைப் பிளந்து கேட்டார். அஞ்சலை என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“எங்க ரெண்டு பேருகிட்ட சொன்னா ஆச்சா?” என்றாள். “தோட்டமே பாத்துச்சி. இந்த மனுசன் பொண்டாட்டி சீர வித்துத் தின்னவன்னு தோட்டமே பேசுது. எந்த எடத்துல பொய்ச் சூடத்த ஏத்துனீங்களோ அதே எடத்துல நல்ல சூடத்த ஏத்தி சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு ஒங்க பேச்சும் வேணாம், ஒங்க அழுகையும் வேணாம்.”

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் என்னைச் சத்தியத்துக்கு எழுப்பியபோது, “துவான், அதற்கு எனக்குத் தகுதியில்லை” என்று தொடங்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை.

பிறகு ஒன்றே கேட்டார். “நீ வந்து சொன்ன அன்று காலை சத்தியம் செய்தாயா?”

“செய்தேன், துவான்.”

“உன்னைச் சிறைக்கு அனுப்பலாம். மண்டோர் வாயைத் திறக்கமாட்டார். உனக்கு எதிரான சாட்சி நீ ஒருவன்தான். அதனால் உன்னை வீட்டுக்கு அனுப்புகிறேன்.” கூடவே சொன்னார்: “சட்டம் படிக்க நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். என்னிடம் வராதே. வந்தால் நடந்ததைத்தான் எழுதுவேன்.”

மாட்டு வழக்கை அவர் மறுபடி எடுத்தார். நான் ஒப்படைத்த பவுன் இரண்டும் குடித்த பாலுக்கு ஈடாக அஞ்சலைக்கு என்று முடிவு செய்தார். மண்டோர் மறுக்கவில்லை. அவர் மகன் உயிரோடிருந்தான். அவருக்கு வேண்டியது அதுதான். வற்றிப்போன மாட்டையும் அதன் இரண்டு கன்றுகளையும் பட்டப்பகலில் லயத்து வழியாக அவரே ஓட்டிக்கொண்டு வந்து கட்டினார். அப்பாவிடம் நான் சொன்னபோது, “சரி, இனிமே மெட்ராஸா லண்டனான்னு நமக்குள்ள சண்ட இல்ல” என்றார்.

மிச்சமிருந்தது சூடம். கப்பல் இன்னும் சரியாக ஓடவில்லை. சிரம்பானில் கடை கடையாக ஏறி இறங்கினேன். போர்ட்டிக்சனிலும் இல்லை. லுக்குட்டில் ஒரு ராவுத்தர் மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கேயும் கேட்டேன்.

“சூடமா? யாருக்கு, மாரியம்மாளுக்கா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒக்காரு” என்றார். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லப் பழகியிருந்தது.

உள்ளே போய் ஒரு சிறு தகரப் பெட்டியோடு வந்தார். வெள்ளைத் துணி, அத்தர்ச் சீசா, காகிதத்தில் பொதிந்த சூடக் கட்டி.

“இது என் மவுத்துக்குன்னு ஊர்லேருந்து கொண்டாந்தது. எங்கள்ல கடைசிக் குளியலுக்கு இது வேணும். ஜப்பான்காரன் மூணு தடவ கடைய சோதன போட்டான், இத மட்டும் காட்டல.” கட்டியைப் பாதியாக உடைத்து நீட்டினார். “எனக்கு இப்ப அவசரமில்ல. கப்பல் வந்ததும் திருப்பிக் குடுத்துடணும். அதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்னா, மேல வந்து நீதான் பதில் சொல்லணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை பெரட்டு முடிந்ததும் கோயில் முன் கூட்டம் சேர்ந்தது. குளித்து, ஈர வேட்டியோடு நின்றேன். ராவுத்தரின் சூடத்தை ஏற்றினேன். அந்த வாசனை எழுந்ததும் முன்வரிசைப் பெண்கள் தம்மையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எத்தனை காலம் கழித்து! கண்ணுசாமி மாட்டை விற்கவில்லை, நான் கொளுத்தியது சூடமில்லை, அதற்குக் கூலி வாங்கினேன் என்று மூன்றையும் உரக்கச் சொல்லி, நெருப்பின்மேல் கையை வைத்தேன்.

யாரோ காறித் துப்பினார்கள். யாரோ, “கிராணி பெத்த புள்ளயப் பாரு” என்றார்கள். அதெல்லாம் எனக்கு வர வேண்டியதுதான். நான் அஞ்சலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோயில் படியில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் போனாள். தோளில் அவர் கையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எந்திரிய்யா. கஞ்சி ஆறிப்போவும்.”

அவர் அழுதுகொண்டே எழுந்தார்.

பிறகு என் பிழைப்பு என்று பார்த்தால், சிரம்பானில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனேன். கோர்ட்டு வேலை ஏன் போயிற்று என்று கேட்டார், சொன்னேன். “சாட்சி எங்க பொய் சொல்வான்னு தெரிஞ்ச ஆளுதான் எனக்கும் வேணும். நாளைக்கே வாங்க” என்றார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சாட்சிகளை உட்கார வைத்து, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று சொல்வதே என் முக்கிய வேலை. மாஜிஸ்திரேட் ஓய்வு பெற்றுப் போனபின், சான்றை வேறு ஒருவரிடம் வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பியவருக்கு, இன்றுவரை தினமும் காலையில் குளிக்கும்போது நன்றி சொல்கிறேன்.

முதல் கப்பல் சரக்கு வந்ததும் ராவுத்தருக்குச் சூடம் கொண்டு போனேன். அவர் வெகுகாலம் இருந்து அதைப் பயன்படுத்தினார்.

கண்ணுசாமி வீட்டுக்குத் தீபாவளிதோறும் போவேன். முதல் வருஷம் அஞ்சலை தண்ணீர் மட்டும் தந்தாள். அடுத்த வருஷம் மோர். அதற்கப்புறம் சாப்பிடாமல் விட்டதில்லை. கன்றுகள் பெருகி, அந்த லயத்துக்கே பால் ஊற்றினார்கள். வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்திருந்தால் கண்ணுசாமி என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்துவார். வக்கீல் ஆபீசு என்றோ, கிராணி மகன் என்றோ சொல்லமாட்டார். ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்வார்:

“தெரியுமா, நான் மாட்ட விக்கலேன்னு எனக்கே வந்து சொன்னவரு இவருதான்.”